ஏற்கும் மண்ணும் மறுக்கும் மண்ணும்: வன்னிப் பெருநிலத்தில் களி, நீர், உழைப்பு

இலங்கை வரலாற்று எழுத்தில் வன்னிப் பெருநிலம் இடம்பெறும்பொழுதெல்லாம் இரண்டு செய்திகளே முன்னிற்கின்றன. ஒன்று, அடங்காப்பற்று எனப் பெயர்பெற்ற அந்நிலத்தின் வன்னியர் ஆட்சி. அதன் இறுதிக் கட்டமாக, 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியனின் எதிர்ப்பு. மற்றையது குளங்கள். எக்குளத்தை எம்மன்னன் கட்டினான், எக்காலத்தில் அது தூர்ந்தது, எந்த அரசாங்கம் அதனைத் திருத்தியது என்பன பற்றி நூல்கள் பல உள்ளன. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல், நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கரின் 1909 ஆம் ஆண்டு நூல், புரோகியர் 1930களில் தொகுத்த பண்டைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய தொகுதிகள் ஆகியன இன்றும் நமக்குப் பயன்படுவன. ஆயினும் இவற்றைப் படித்து முடித்த பின்னரும் ஓர் எளிய வினா எஞ்சி நிற்கிறது. மண்ணாலான கட்டு நீரை எவ்வாறு தாங்கி நின்றது? மண் இயல்பாகவே நீரை உறிஞ்சும் பொருள். அதனை நீரை மறுக்கும் பொருளாக மாற்றியவர் யார், எவ்வாறு மாற்றினர்?

இவ்வினா தொழினுட்பத்தோடு முடிந்துவிடுவதன்று. நீரை ஏற்பதும் மறுப்பதும் மண்ணின் பிறவிக்குணம் எனக் கொண்டால், வன்னியின் வரலாறு மழையின் வரலாறாகவும் மன்னரின் வரலாறாகவும் மட்டுமே அமையும். அது மனித உழைப்பினால் மண்ணில் ஏற்றப்பட்ட பண்பு எனக் கொண்டால், இதுவரை ஏடுகளில் இடம்பெறாத ஒரு கூட்டத்தார் வரலாற்றின் நடுவே வந்து நிற்பர். நாம் இரண்டாவது நோக்கையே இங்கு ஏற்கிறோம். அதற்குரிய சான்று கல்வெட்டிலன்றி, நுண்டுளைகள் நிறைந்த களிமண்ணிலேயே உள்ளது என்பது நமது கருத்து.

முதலில் பௌதிகத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஒரு திண்மத்தின் மேல் வைக்கப்பட்ட நீர்த்துளி பரவுமா, உருண்டு நிற்குமா என்பதை அது திண்மத்தோடு அமைக்கும் தொடுகைக்கோணம் காட்டும் என்பதை 1805 இல் தோமஸ் யங் விளக்கினார். அக்கோணம் 90 பாகைக்குக் குறைந்தால் நுண்டுளைக்குள் நீர் தானாகவே ஏறும்; கூடினால் நீர் வெளியே தள்ளப்படும். மயிர்த்துளை வழியே திரவம் ஊடுருவும் வேகத்தை 1921 இல் வோஷ்பேண் கணித்துக் காட்டினார். களி, செங்கல், சுண்ணக்கல் ஆகிய கனியப்பொருள்கள் யாவும் நீரை விரும்பும் பரப்புடையன. ஆகவே இவற்றை நீருக்கு எதிராக நிறுத்துவதற்கு வழிகள் இரண்டே. துளைகளை அடைத்தல் ஒன்று. துளைகளைத் திறந்தபடி விட்டு, அவற்றின் சுவர்களில் நீரை வெறுக்கும் மெல்லிய படலம் ஒன்றைப் படியச் செய்தல் மற்றொன்று. முன்னையது இடத்தை மாற்றுகிறது. பின்னையது இயல்பையே மாற்றுகிறது. வன்னி மக்களின் கைவினை முதல் வழியில் முதிர்ச்சி பெற்றிருந்தது. இரண்டாவது வழியை, பெயரிட்டு அறியாவிடினும், அடுக்களையில் தொட்டிருந்தது.

வன்னி மண் ஒரே தன்மையதன்று. டி அல்விஸ், பானபொக்கே ஆகியோர் 1972 இல் தந்த மண் வகைப்பாட்டைத் துணைக்கொண்டு நோக்குமிடத்து, மேட்டு நிலங்களில் செங்கபில மண்ணும், தாழ்ந்த வயல்களில் நீர் வடியாத சாம்பல் நிற மண்ணும், வடமேற்கே பூநகரி, கிளிநொச்சிப் பக்கமாக நீரை விரைந்து உட்கொள்ளும் சிவப்பு மஞ்சள் லற்றசோல் மண்ணும் காணப்படுகின்றன. மன்னார்ப் பக்கம் முருங்கனில் உள்ள கரிய களி நீர் பட்டால் வீங்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். குடாநாட்டில் மழைநீர் சுண்ணக்கல்லுள் இறங்கிக் கிணற்றில் நிற்கிறது. வன்னியின் பெரும்பகுதியில் அடியில் கிடப்பது கடினமான பளிங்குருப்பாறை. அங்கு நீரை நிலத்தின் மேலேயே நிறுத்திவைத்தல் வேண்டும். குடாநாடு கிணற்று நாடாகவும் வன்னி குளத்து நாடாகவும் அமைந்தமைக்கு அடிப்படைக் காரணம் இதுவே.

குளக்கட்டு என்பது நீரை முற்றாகத் தடுக்கும் சுவர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் எந்த மண்கட்டும் கசியவே செய்யும். கசிவு மண்ணைத் தன்னோடு இழுத்துச் செல்லாதபடி அதனை மெதுவாக்குவதே கட்டின் பணி. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கால்வாய் அமைத்த பிரிண்ட்லி, நீர் சேர்த்துப் பிசைந்து மிதித்த களியை நடுவே வைத்தார். இலங்கையின் பழைய கட்டுகளில் பெரும்பாலானவற்றுள் அத்தகைய தனிக் களியகம் இல்லை. அடி அகன்று, சரிவு நீண்டு, முழுக்கட்டும் இறுகிய ஒரே மண்ணாக அமைந்துள்ளது. நீர் கடக்க வேண்டிய பாதையின் நீளமே அங்கு காவல். உட்புறச் சரிவில் அலை தின்னாதபடி கல் அடுக்கப்பட்டது. துருசு கட்டுவதற்குக் கல்லும் செங்கல்லும் பயன்பட்டன. பார்க்கர் செங்கற்களின் அளவைக்கொண்டு கட்டுமானங்களின் காலத்தைக் கணிக்க முயன்றமையும், வவுனிக்குளத்தின் தொன்மை பற்றி விரிவாக ஆராய்ந்தமையும் அறிஞர் அறிந்தனவே. செங்கல்லை அளந்த அவர், அதனைச் சுட்ட கைகளைப் பற்றி அதே அளவு அக்கறை கொண்டிருந்தால் நமது பணி எளிதாகியிருக்கும்.

இதே வினைமுறை வயலிலும் உண்டு. சேறடித்தல் என உழவர் கூறுவது, மண்ணின் உருண்டைத் திரள்களை நீருக்குள்ளேயே உடைத்து, பெருந்துளைகளை நுண்களியால் நிரப்பும் செயல். எருமைக் குளம்பும் கலப்பையும் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் அழுத்துவதால் அடியில் ஓர் இறுகிய தட்டு உருவாகிறது. காலபோகத்தில் புழுதி விதைப்புச் செய்யும் வயலுக்கும் சேற்று விதைப்புச் செய்யும் வயலுக்கும் நீர்ச்செலவில் உள்ள வேறுபாடு இதன் பயன். புதிதாகக் காடு வெட்டித் திருத்திய வயல் முதலாண்டுகளில் நீரை வாரிக் குடிக்கும். பல ஆண்டு மிதிபட்ட பின்னரே அது நீரைத் தாங்கும். ஆகவே 'நல்ல வயல்' எனப்படுவது பல தலைமுறைகளின் உழைப்பு மண்ணுக்குள் உறைந்து கிடப்பதேயாம். நிலத்தின் விலையைப் பேசுவோர் இதனைக் கணக்கில் எடுப்பதில்லை.

நீரியற் சமுதாயம் பற்றிய விவாதம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பெரும் நீர்ப்பாசனம் வல்லாட்சியைத் தோற்றுவிக்கும் என விற்ஃபோகல் 1957 இல் வாதிட்டார். இலங்கையின் சிறுகுளங்கள் ஊராரின் முயற்சியால் நடந்தன என்று எட்மண்ட் லீச் 1959 இல் மறுத்துரைத்தார். ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1971 இல் இவ்விரு நிலைகளையும் சான்றுகளோடு திருத்தினார். விவாதம் முழுவதும் யார் ஆணையிட்டார் என்பதைச் சுற்றியே சுழன்றது. மண்ணை இறுக்கும் அறிவு யாரிடம் இருந்தது என்பது அதில் எழவில்லை. ஆனால் அவ்வறிவே ஆணையைக் காட்டிலும் விரைவில் அழியக்கூடியது. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டமை மனித உரிமை நோக்கில் வரவேற்கத்தக்கதே. எனினும் குளக்கட்டைப் பேணும் கூட்டுழைப்புக்கு மாற்று ஒன்று அப்பொழுது வைக்கப்படவில்லை. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழமைகளை மீட்க முனைந்தது, கால் நூற்றாண்டு கழித்து. இடைப்பட்ட காலத்தில் கட்டுகளில் மரம் முளைத்து வேர் துளைத்தது, கறையான் குடியேறியது. காய்ச்சலும் வறட்சியும் வன்னியை அழித்தன என்று எழுதிய அதிகாரிகள், இவ்விடைவெளியையும் காரணங்களுள் ஒன்றாக எண்ணியிருக்கலாம்.

களியின் இரசாயனமும் இங்கு கவனிக்கத்தக்கது. களித்துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அயன் சோடியமா கல்சியமா என்பதைப் பொறுத்து அதன் நடத்தை மாறும். சோடியக் களி நீரில் தனித்தனித் துகளாகக் கலைந்துவிடும். கல்சியக் களி திரண்டு நிற்கும். கலையும் களியால் கட்டிய அணையில் சிறு கசிவே குழாய்போல் உள்ளே அரித்துக்கொண்டு போகும். சுண்ணாம்பு அல்லது சிப்சம் சேர்த்து அத்தகைய களியை அடக்குதல் இன்றைய பொறியியலில் வழக்கம். கட்டின் உள்ளே நிகழும் அரிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே அதன் கொடுமை. வன்னிக்குத் தெற்கே, கிழக்கு மாகாணத்தில், 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றாண்டுகள் நின்ற கட்டு அது.

குளத்தை விட்டு மட்பாண்டத்துக்கு வருவோம். சான்று இங்கே செறிவாக உள்ளது. பூநகரிப் பகுதியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் மேற்கொண்டு 1993 இல் நூலாக்கிய தொல்பொருளாய்வு, கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் பயன்படுத்திய ஆதிக் குடியிருப்புகள் அங்கிருந்தமையை வெளிக்கொணர்ந்தது. புத்தளத்துப் பொம்பரிப்பிலும் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும் கிடைத்தவற்றோடும், தமிழகத்துப் பெருங்கற்பண்பாட்டு மட்பாண்டங்களோடும் இவை உறவுடையன. உறவு பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நாம் நோக்குவது அவ்வோட்டுத் துண்டின் உட்புறத்தை. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்பொழுது உட்புறத்துக்கு ஒட்சிசன் எட்டாது. எரிபொருளின் காபன் துளைகளில் படிந்து கறுக்கும். வெளிப்புறம் காற்றுப்பட்டுச் சிவக்கும். சுடுமுன் கூழாங்கல்லால் தேய்த்து மெருகிடுவதால் மேற்பரப்பின் களித்தகடுகள் படுத்து ஒன்றோடொன்று பொருந்தும். மெருகும் காபனும் சேர்ந்து கலத்தின் உட்புறம் நீரைக் கசியவிடும் அளவைக் குறைக்கின்றன. அழகுக்காகவே இரு நிறம் என்று கருதுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திறந்த சூளையில் சுட்ட மட்கலத்தின் கனவளவில் கால் பங்கு வரை வெற்றுத்துளையாக இருக்கலாம். இது குறையா? தண்ணீர்ப் பானைக்கு இதுவே உயிர். வெளியே கசியும் ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகையில் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வன்னியின் ஆனி, ஆடி வெய்யிலிலும் பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது அதனாலேயே. சோற்றுப்பானைக்கு இக்குணம் ஆகாது. கசியும் பானை அடுப்பை அவிக்கும், விறகைத் தின்னும். குயவர் இரண்டையும் ஒரே களியில் வனைகிறார். வேறுபாட்டை உண்டாக்குபவர் அதனை வாங்கிச் சென்ற பெண். புதுச்சட்டியை ஊறவைத்து, கஞ்சியோ அரிசி கழுவிய நீரோ ஊற்றிக் கொதிக்கவைத்து, சிலவேளை எண்ணெய் தடவிச் சூடேற்றி அவர் 'பழக்குகிறார்'. மாப்பொருள் துளைகளில் கூழாகி அடைக்கிறது. எண்ணெய் சுவரில் படிந்து கருகி நீரை வெறுக்கும் படலமாகிறது. நாம் மேலே கூறிய இரு வழிகளும் ஒரே அடுப்பில் நிகழ்கின்றன. இதனை எந்த நூலும் கைவினை எனக் குறிப்பதில்லை. குயவரின் தொழிலாவது சாதிப்பெயராகவேனும் ஏட்டில் ஏறியது.

இரண்டாவது வழியின் வரலாறு உலகெங்கும் பரந்தது. செங்கற்றளத்தை ஆண்டுதோறும் மாரிக்கு முன் எண்ணெய் வண்டலால் ஊறச்செய்யுமாறு உரோமக் கட்டடக்கலைஞர் விற்றூவியஸ் கூறினார். சென்னைச் சுண்ணச்சாந்தில் வெல்லநீரும் கொழுப்பும் கலந்த வழக்கம் பலரும் அறிந்ததே. சுண்ணாம்பும் கொழுப்பமிலமும் சேர்ந்தால் உண்டாவது கல்சியச் சவர்க்காரம். அது நீரில் கரையாது, நீரை ஏற்காது. 1967 இல் டொரி கனியன் என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையருகே உடைந்து, கசிந்த எண்ணெயில் ஒரு பகுதி பிஸ்கே விரிகுடாவுக்கு வந்தபொழுது, பிரெஞ்சுக் கடற்படை சீமைச்சுண்ணத் தூளைத் தியரிக் அமிலத்தின் சேர்மத்தால் சிறிதளவு பதப்படுத்தி ஆயிரக்கணக்கான தொன் தூவியது. பதப்படுத்தாத சுண்ணம் நீரைக் குடித்து எண்ணெயை விட்டுவிடும். பதப்படுத்தியது நீரை மறுத்து எண்ணெயைப் பற்றி அதனோடு அமிழ்ந்தது. கடலடியில் அது செய்த தீங்கு வேறு கதை. பழைய கொத்தனாரின் சாந்துக்கும் கடற்படையின் தூளுக்கும் இடையே இரசாயனத்தில் பெரிய வேறுபாடில்லை. இன்று பேளைற்று, வேமிக்குலைற்று, களி ஆகிய நுண்டுளைக் கனியங்களைச் சிலிக்கன் சேர்மங்களால் பூசி அதே வேலையை மேலும் செம்மையாகச் செய்கின்றனர்.

சுதந்திரத்தின் பின் வடபுலத்தில் அமைந்த அரச கைத்தொழில்கள் இவ்வறிவை ஆலைக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். 1950 இல் காங்கேசன்துறையில் சீமந்து ஆலை அமைந்தது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லோடு சேர்க்க முருங்கன் களி அங்கு சென்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் எடுத்தது. ஒட்டுசுட்டானில் அரச ஓட்டுத் தொழிற்சாலை எழுந்தது. களி, சுண்ணம், காரம் மூன்றும் ஒரே மாகாணத்தில். நீரை ஏற்கவும் மறுக்கவும் கனியப்பொருளைப் பதப்படுத்தும் தொழிலுக்கு வேறென்ன வேண்டும்? ஆயினும் இவை ஒன்றையொன்று அறியாத தனித்தனி ஆலைகளாகவே இயங்கின என்பது நமது கணிப்பு. குயவரின் சூளையறிவு எதிலும் நுழையவில்லை. அவற்றை இணைக்கும் திட்டம் உருவாகுமுன் போர் வந்தது. பரந்தன் ஆலை 1980களின் நடுப்பகுதியில் நின்றது. சீமந்து ஆலையும் ஓட்டுத் தொழிற்சாலையும் போரினால் செயலிழந்தன.

ஓடு பற்றி ஒரு சொல். மங்களூரில் 1865 இல் பாசல் மிசன் தொடங்கிய ஆலைகளிலிருந்து பரவிய தட்டையோடு, நமது நாட்டில் கள்ளிக்கோட்டை ஓடு எனப்பட்டது. நல்ல ஓடு நீரை முற்றாக மறுப்பதில்லை. இந்தியத் தரவிதி, ஓடு உறிஞ்சும் நீர் அதன் எடையில் 20 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று எல்லை வகுக்கிறது. சற்றே குடித்து, வெய்யிலில் விடுவது ஓட்டின் இயல்பு. தகரம் அதனைச் செய்யாது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபொழுது வன்னி மக்களில் பெரும்பாலோர் செட்டிகுளத்து முகாம்களில் தறப்பாளின் கீழ் இருந்தனர். மீளக்குடியேறிய பின் தகரம், பிறகு கொங்கிறீற்றுக் கல்வீடு. நீரை முற்றாக மறுக்கும் பொருள்களின் கீழ் வெப்பம் எவ்வாறு தங்கும் என்பதை அம்மக்கள் உடலால் அறிந்தனர். பல்லாயிரம் கூரைகளுக்கு ஓடு தேவைப்பட்ட அந்த ஆண்டுகளில் ஒட்டுசுட்டானின் சூளைகள் எரியவில்லை.

நீரை ஏற்பதே பயனாகும் இன்னொரு நிலையும் உண்டு. வவுனியா உட்பட உலர்வலயத்தின் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு மிகுதி. காரணம் அறுதியாக முடிவு செய்யப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயும் வவுனியாவைப் பாதித்துள்ளது. குடிநீரில் இலீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 1990களில் பத்மசிறி, திசாநாயக்க ஆகியோர் எளிய வீட்டு வடிகட்டி ஒன்றை விளக்கினர்: உடைத்த செங்கற்றுண்டுகளினூடாக நீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏறவிடுதல். செங்கல்லிலுள்ள அலுமினிய, இரும்பு ஒட்சைட்டுகள் புளோரைட்டைப் புறத்துறிஞ்சுகின்றன. இதற்குத் தாழ்ந்த வெப்பத்தில் புதிதாகச் சுட்ட செங்கல்லே ஏற்றது. கடுஞ்சூட்டில் இறுகியது உதவாது. ஓட்டாலையில் கழிவென ஒதுக்கப்படும் அரைவேக்காட்டுக் கல் இங்கு மருந்தாகிறது. ஒரே களி, சூளையின் சூட்டுக்கேற்ப, நீரை மறுக்கவும் நீரைத் தூய்தாக்கவும் கற்றுக்கொள்கிறது.

இம்முறைக்குச் செலவு மிகக்குறைவு. அதுவே அதன் பலவீனமும் ஆயிற்று. செங்கல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்படல் வேண்டும், மாற்றுவதை யாரேனும் நினைவூட்டல் வேண்டும். அதற்கான ஊர் அமைப்பு இல்லாதவிடத்து வடிகட்டி மூலையில் கிடக்கும். இன்று பல ஊர்களில் மின்னோட்டத்தால் இயங்கும் எதிர்ப்பிரசாரணச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துள்ளன; நீர் தூயதுதான், ஆனால் பல இடங்களில் அதனை இலீற்றர்க் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டியுள்ளது. செங்கல்லைச் சுடுவோர் அதே ஊரில் இருக்கின்றனர். இவ்விரு ஏற்பாடுகளில் எது எவருடைய கையில் அறிவையும் வருவாயையும் விடுகிறது என்பது பொறியியலாளர் மட்டும் விடைகூறத்தக்க வினாவன்று.

வரலாற்று மாணவருக்கு இறுதியாக ஒரு வேலையைக் குறிப்பிடுவோம். வன்னியில் மேற்பரப்பாய்வு செய்வோர் கையில் எடுக்கும் ஓட்டுத் துண்டுகள் வடிவம், நிறம், கீறல் ஆகியவற்றுக்காகவே வரையப்பட்டும் வகுக்கப்பட்டும் வருகின்றன. அவற்றுள் எழுத்தோ குறியீடோ இல்லாத சாதாரணத் துண்டுகளை எடுத்து, உலர்த்தி நிறுத்து, நீரில் ஒருநாள் ஊறவைத்து மீண்டும் நிறுத்தால், அவை குடித்த நீரின் அளவு தெரிந்துவிடும். சமையற்கலத்தின் அடிப்புறத்தையும் தண்ணீர்க்கலத்தின் தோட்புறத்தையும் வேறுவேறாக நிறுத்தல் நன்று. பழக்கப்பட்ட சட்டியின் துளைகளில் எண்ணெயின் எச்சம் நூற்றாண்டுகள் கடந்தும் தங்கக்கூடும். ஆகவே அத்தகைய துண்டுகளைக் கண்டவுடன் சவர்க்காரமிட்டுக் கழுவிவிடாமல், மண்ணோடு சேர்த்து உலர்ந்த பையில் இடுதல் வேண்டும்.